வரத்தும் வடிகாலும்

டர்போ வைத்த ஐந்து சிலிண்டர் வோல்வோ கார்களை நினைக்கும்போது, அவற்றின் இழுவைக்கு முன்பாக எனக்கு நினைவுக்கு வருவது இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஈரமாக மினுங்கும் ஆயில்தான். 1991இல் 850 மாடலோடு வந்தது அந்த இன்ஜின் குடும்பம். சுவீடனில் ஷோவ்டே நகர ஆலையில் தயாரானது. அலுமினிய பிளாக், இருபது வால்வுகள், டர்போ சேர்த்த 2,319 சிசி வடிவத்தில் ஏறத்தாழ 225 குதிரைத்திறன். நேரத்துக்கு ஆயில் மாற்றி வந்தால் மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் ரிங்குகள் நல்ல நிலையில் இருக்கும். அப்படிப்பட்ட இன்ஜினைப் பார்த்துத்தான் பட்டறைகளில் திரும்பத் திரும்ப ஒரே தீர்ப்பு சொன்னார்கள்: கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறிவிட்டது, ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜினை இறக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இதற்கு 'பேக் கம்ப்ரஷன் அடிக்குது' என்று ஒரு சொல் உண்டு. அந்தச் சொல் விழுந்தவுடன் வண்டியின் விலை பாதியாகிவிடும். அந்தத் தீர்ப்புகளில் பல தவறானவை என்பதே அந்தக் கார்களோடு பழகிய ஆண்டுகள் எனக்குக் கற்பித்தது. அழுத்தம் இருந்தது உண்மை. அதற்குச் சொன்ன காரணம்தான் பொய். அழுத்தத்தைக் கண்டதும் காரணத்தையும் கண்டுவிட்டதாக நினைக்கிற பழக்கத்தை எதிர்த்தே இதை எழுதுகிறேன்.

பெட்ரோல் எரியும்போது பிஸ்டனுக்கு மேலே அழுத்தம் அறுபது, எண்பது பார் வரை எழும். அதை அடைத்து நிற்பவை ரிங் எனப்படும் மெல்லிய இரண்டு உலோக வளையங்கள். வளையத்தின் இரு நுனிகளுக்கு நடுவே, சூட்டில் விரிவதற்காக, ஒரு சிறு இடைவெளி விட்டே ஆகவேண்டும். எனவே புதிய இன்ஜினிலும் கொஞ்சம் வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே கிராங்க்கேஸுக்குள் இறங்கும். அது போக வழி வேண்டும். பழைய கார்களில் அதற்கு இருந்தது ஒரு குழாய்தான். கிராங்க்கேஸிலிருந்து வண்டியின் அடிவயிற்றுக்குப் போய்ச் சாலையில் வாய் திறந்து நிற்கும். வண்டி ஓடும்போது கீழே விரையும் காற்று அந்த வாயுவை உறிஞ்சி வெளியே விட்டது. லாஸ் ஏஞ்சலீஸின் புகைமூட்டத்துக்கு வாகனங்களின் ஹைட்ரோகார்பன்கள் காரணம் என்று கால்டெக்கின் ஆரி ஹாகன்-ஸ்மிட் கண்டு சொன்ன பிறகு, அந்தக் குழாயின் மேல் பார்வை விழுந்தது. கட்டுப்பாடில்லாத ஒரு கார் வெளியிடும் ஹைட்ரோகார்பனில் ஐந்தில் ஒரு பங்கு வரை கிராங்க்கேஸிலிருந்தே வந்தது. 1961 மாடல் கார்களிலிருந்து கலிஃபோர்னியாவில் அந்த வாயுவை இன்ஜினே மறுபடி உறிஞ்சி எரிக்கும் ஏற்பாடு வந்தது. சில ஆண்டுகளில் அது எங்கும் பரவியது. சுற்றுச்சூழலுக்காக வந்த ஏற்பாடு இன்ஜினுக்கும் நன்மை செய்தது: ஈரமும் அமிலமும் ஆயிலில் தங்காமல் வெளியேறின. ஆனால் ஒரு புதிய சிக்கலும் கூடவே வந்தது. திறந்த குழாய் இருந்தவரை கிராங்க்கேஸின் அழுத்தம் ஏறக்குறைய வாயு வரத்தை மட்டும் காட்டியது. மூடிய ஏற்பாடு வந்த பிறகு அது வரத்துக்கும் வடிகாலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுகிறது. ஏரியில் நீர்மட்டம் உயர்ந்தால் ஆற்றில் வெள்ளமா, கலிங்கு அடைத்துக்கொண்டதா என்று கரையில் நின்று மட்டத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பட்டறையில் நடந்த தவறு இதுதான்: மட்டத்தைப் பார்த்தார்கள், வெள்ளம் என்றார்கள், கலிங்குப் பக்கம் போய்ப் பார்க்கவே இல்லை.

ஆயில் மூடிச் சோதனையை எடுத்துக்கொள்வோம். பழைய கார் வாங்கப் போகிறவர் யாரும் விடாமல் செய்வது இது: இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்து, வாயின் மேல் சும்மா வைப்பார்கள். மூடி துள்ளினால் ரிங் போய்விட்டது, அசையாமல் இருந்தால் இன்ஜின் நல்லது. இதில் எவ்வளவு அழுத்தம் தெரிகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாயின் விட்டம் நான்கு சென்டிமீட்டர் என்றால் பரப்பு பன்னிரண்டரை சதுர சென்டிமீட்டர். பிளாஸ்டிக் மூடியின் எடை ஐம்பது கிராம். ஐம்பதைப் பன்னிரண்டரையால் வகுத்தால், சதுர சென்டிமீட்டருக்கு நான்கு கிராம். அதாவது நான்கு சென்டிமீட்டர் உயர நீர் தரும் அழுத்தம் போதும், மூடி எழுந்துவிடும். அதற்குக் கீழே உள்ளது தெரியாது. அதற்கு மேலே எவ்வளவு இருந்தாலும் எல்லாம் ஒரே துள்ளலாகத்தான் தெரியும். கிராங்க் தண்டின் ஆயில் சீலைப் பிதுக்கித் தள்ளுகிற அழுத்தம் இதைப்போலப் பல மடங்கு. அதற்கும் சாதாரண மூச்சுக்கும் மூடியால் வேறுபாடு சொல்ல இயலாது. இன்னொன்று, பிஸ்டன்கள் இறங்கும்போது அடியிலுள்ள காற்றை அவையே தள்ளுகின்றன. ஒற்றை சிலிண்டர் புல்லட்டில் பிஸ்டன் ஒருமுறை கீழே வரும்போது 350 சிசி அளவு காற்று கிராங்க்கேஸில் நெருக்கப்படுகிறது. ரிங் புத்தம் புதிதாக இருந்தாலும் அது மூச்சு விட்டே தீரும். பல சிலிண்டர் இன்ஜினில் ஒரு பிஸ்டன் இறங்கும்போது இன்னொன்று ஏறுவதால் பெரும்பகுதி ஈடாகிவிடும், ஆனாலும் துடிப்பு முழுக்க மறையாது. மூடியின் துள்ளலில் இந்தத் துடிப்பும் கலந்திருக்கிறது. அனுபவசாலியின் கண் இதையெல்லாம் பிரித்துவிடும் என்பார்கள். ஒரே வகை இன்ஜினை ஆயிரம் முறை பார்த்த கண்ணுக்கு அது முடியும் என்று ஒப்புக்கொள்கிறேன். அம்பாசிடர் டீசலில் பழகிய கண், டர்போ பெட்ரோலின் முன் வந்து நிற்கும்போது அந்த அனுபவமே தடையாகிறது என்பதுதான் என் வாதம்.

வோல்வோ வைத்திருப்பவர்கள் மத்தியில் இதைவிட நல்லதொரு சோதனை வழக்கத்தில் இருந்தது. மெல்லிய ரப்பர் கையுறை ஒன்றை ஆயில் ஊற்றும் வாயில் மாட்டிவிட்டு, இன்ஜினை ஐடிலில் ஓடவிடுவார்கள். கையுறை உள்ளே இழுபட்டுத் தொங்கினால் கிராங்க்கேஸில் லேசான உறிஞ்சல் இருக்கிறது, நல்லது. விரல்கள் விறைத்து ஊதி நின்றால் வழி அடைத்திருக்கிறது. மூடியைவிட இது நேர்மையான சோதனை, ஏனென்றால் வாயை மூடி வைத்தே பார்க்கிறது. வரத்தும் வடிகாலும் தமக்குள் போட்டியிட்டு முடிந்த முடிவையே காட்டுகிறது. ஆனாலும் டர்போ இன்ஜினில் இது பாதி உண்மைதான் சொல்லும். காரணம், டர்போ இன்ஜினின் கிராங்க்கேஸுக்கு இரண்டு வடிகால்கள். ஐடிலில் இன்டேக் மேனிஃபோல்டில் பலமான உறிஞ்சல் இருப்பதால், ஒரு சிறு குழாய் வழியே வாயு நேரே அங்கே போய்விடும். ஆக்சிலரேட்டரை மிதித்து பூஸ்ட் ஏறியதும் அதே மேனிஃபோல்டில் வெளிக்காற்றைவிட முக்கால் பார் அதிக அழுத்தம் வந்துவிடுகிறது. அப்போது அந்தச் சிறு குழாயிலுள்ள ஒருவழி வால்வு மூடிக்கொள்ள வேண்டும். வாயு மற்றொரு பெரிய குழாயில் ஓடி, டர்போவுக்கு முன்னுள்ள காற்றுக் குழாயில் சேர வேண்டும். பூஸ்ட் ஏறும் நேரத்தில்தான் சிலிண்டர் அழுத்தமும் உச்சத்தில் இருக்கிறது, ரிங்கைத் தாண்டும் வாயுவும் பல மடங்காகிறது. ஆக ஐடிலில் சோதிப்பது, வேலை குறைவாக உள்ள வழியை, வேலை குறைவாக உள்ள நேரத்தில் சோதிப்பதாகும். கையுறை அழகாக உள்ளே இழுபடும். அதே கார் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்தால் டிப்ஸ்டிக் இரண்டு விரற்கடை மேலே எழும்பி நிற்கும், அதைச் சுற்றி ஆயில் தெறித்திருக்கும். இவ்விரண்டையும் முரண்பாடு என்று கருதி மெக்கானிக்குகள் குழம்பியதுண்டு. இரண்டு வழிகள் என்று தெரிந்தவருக்கு அதில் முரண்பாடே இல்லை: சிறிய வழி திறந்திருக்கிறது, பெரிய வழி அடைந்திருக்கிறது. இதற்கு நேரெதிரான கோளாறும் உண்டு. அந்த ஒருவழி வால்வு மூடாமல் போனால் பூஸ்ட் காற்றே கிராங்க்கேஸுக்குள் புகுந்துவிடும். வடிகால் என்று நாம் நம்பிய குழாய் வரத்தாக மாறிவிடும். வால்வைக் கழற்றி இரு பக்கமும் வாயால் ஊதிப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் இன்ஜினை இறக்குவதை என்னால் ஏற்கவே முடிந்ததில்லை.

வோல்வோ ஐந்து சிலிண்டரில் அடைப்பு எங்கே வரும் என்பது ஏறக்குறைய நிச்சயம். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், பிளாக்கை ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் பெட்டி உண்டு. கிராங்க்கேஸ் வாயுவோடு வரும் ஆயில் திவலைகள் அதற்குள் பிரிந்து, கீழேயுள்ள துவாரம் வழியாகத் திரும்ப வடியும். வாயு மட்டும் மேலே போகும். பெட்டி சூட்டிலேயே கிடக்கிறது. ஆயிலை மாற்றாமல் இழுத்தடித்த வண்டியில் கரிய கசடு முதலில் தேங்குவது இங்கேதான். இதில் இரண்டு வகை அடைப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேல்வழி அடைந்தால் வாயு போக இடமின்றி அழுத்தம் ஏறும், சீல்கள் கசியும். கீழ்வழி மட்டும் அடைந்தால் அழுத்தம் அவ்வளவாக ஏறாது. வடிய முடியாத ஆயில் பெட்டியில் நிரம்பி, வாயுவோடு சேர்ந்து இன்டேக்குக்குப் போய் எரிந்து, நீலப் புகையாக வெளிவரும். அந்தப் புகைக்கு டர்போவைக் குற்றம் சாட்டுவது வழக்கம். புதிய பெட்டியும் புதிய குழாய்களும் மாட்டிய பிறகும் குறை தீராத வண்டிகள் உண்டு; அவற்றில் பெரும்பாலும் பிளாக்கிலும் சம்பிலும் உள்ள துவாரங்களைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் விட்டிருப்பார்கள். பெட்டியை வாங்கலாம், துவாரத்தை வாங்க முடியாது. அதை உட்கார்ந்து சுத்தம் செய்துதான் ஆகவேண்டும்.

டர்போவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் அதிகம் பழி சுமந்தது அதுதான். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழல்வது. அதில் ரப்பர் சீல் நிற்காது. பிஸ்டன் ரிங் போன்ற சிறு உலோக வளையங்கள்தான் இரு பக்கமும் இருக்கும். அவை ஆயிலை முழுக்க அடைப்பதில்லை. டர்பைன் பக்கமும் கம்ப்ரசர் பக்கமும் அழுத்தம் அதிகம், நடுவில் பேரிங் அறையில் அழுத்தம் குறைவு என்ற வித்தியாசமே ஆயிலை உள்ளே நிறுத்தி வைக்கிறது. பம்ப் அழுத்தத்தில் வரும் ஆயில், பேரிங்கைத் தாண்டியதும் தன் எடையாலேயே தடித்த குழாயில் சம்புக்கு வழிந்து இறங்க வேண்டும். கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினால் அந்த இறக்கம் தடைபடும். ஆயில் டர்போவுக்குள் தேங்கி, வளையங்களைத் தாண்டி இரு பக்கமும் ஒழுகும். டர்போவைக் கழற்றிப் பார்த்தால் எங்கும் ஆயில். போய்விட்டது என்று சொல்லிப் புதியது மாட்டுவார்கள். புதியதும் அதே போலப் புகைக்கும். இரண்டாவது டர்போவும் புகைக்கிறது என்ற அந்த ஒரு சாட்சி, முதல் டர்போ நிரபராதி என்று காட்டப் போதுமானது. ஆனாலும் இரண்டாவதும் மட்டமான சரக்கு என்று முடிவு கட்டியவர்கள்தான் அதிகம். அதே நேரம், தேய்ந்த டர்போ உண்மையிலேயே குற்றவாளியாகவும் இருக்க முடியும்: வளையங்கள் தளர்ந்தால் வெப்ப வாயு பேரிங் அறைக்குள் புகுந்து, ஆயில் இறங்கும் குழாய் வழியாகவே கிராங்க்கேஸுக்கு வந்து சேரும். இதைத் தெரிந்துகொள்ளக் கனரக டீசல் வேலையில் ஒரு முறை உண்டு. டர்போவின் இறங்கு குழாயைக் கழற்றித் தனிப் பாத்திரத்துக்குத் திருப்பிவிட்டு, பிளாக்கிலுள்ள துளையை அடைத்து, கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டி வாயுவின் அளவை மறுபடி பார்ப்பார்கள். அளவு சட்டென்று குறைந்தால் குற்றம் டர்போவில். குறையவில்லை என்றால் டர்போவை அதன் பாட்டுக்கு விட்டுவிடலாம்.

குளிர்நாடுகளில் இன்னொரு காரணம் சேர்கிறது. நம் ஊர் அனுபவத்துக்கு அது எட்டாதது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போகிறது. ரிங்கைத் தாண்டும் வாயுவோடு ஒரு சிறு பங்கு கிராங்க்கேஸுக்கு வருகிறது. தினமும் கொஞ்ச தூரமே ஓடி, ஆயில் முழுச் சூடு ஏறுவதற்குள் நிறுத்தப்படும் காரில் அந்த நீர் ஆயிலோடு கலந்து வெண்மஞ்சள் குழம்பாகி, கிராங்க்கேஸ் வாயு வெளியேறும் பிரீதர் குழாயில் படியும். பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே அது உறைந்து கல்லாகும். சுவீடனின் வடக்கிலும் இதுதான் நிலை. கனடாவிலும் அப்படித்தான், அங்கே ஹாலிஃபாக்ஸில் 1963 முதல் 1998 வரை வோல்வோவுக்கு ஓர் ஆலையே இருந்தது. இந்தக் கோளாறில் பொல்லாத விஷயம், தடயம் உருகிவிடுவது. விடியற்காலை நெடுஞ்சாலையில் ஏறிய கார் சீலைத் தள்ளி ஆயிலைக் கொட்டிவிட்டு நிற்கும். இழுத்துவந்து சூடான பட்டறைக்குள் நிறுத்தினால் ஒரு மணி நேரத்தில் பனி உருகி வழி திறந்துகொள்ளும். பிறகு கையுறை மாட்டினாலும் அளந்தாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். அடைப்பு இல்லை, ஆகவே ரிங்தான் என்று முடிவுக்கு வருவார்கள். இங்கே கருவி ஏதும் உதவாது. கார் எங்கே நின்றது, காலையில் எத்தனை டிகிரி, தினம் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று உரிமையாளரிடம் கேட்பதே சோதனை. பிந்தைய டர்போ மாடல்களில் பிரீதர் குழாய் காற்றுக் குழாயோடு சேரும் நுனியில் மின்சாரத்தால் சூடேறும் ஒரு துண்டை வோல்வோ பொருத்தியதே, இந்த உறைதல் வெறும் ஊகமில்லை என்பதற்குச் சான்று. அந்தத் துண்டுக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பவர் குறைவு.

சரி, எப்படித்தான் அளப்பது? நான் நம்புவது ஒரு பிளாஸ்டிக் குழாயையும் கொஞ்சம் தண்ணீரையும்தான். கண்ணாடி போன்ற குழாயை ஒரு பலகையில் ஆங்கில யூ எழுத்தைப் போல வளைத்துக் கட்டி, பாதிவரை நீர் விட்டு, ஒரு நுனியை டிப்ஸ்டிக் குழாயில் இறுக்கமாகச் சேர்த்தால் போதும். இரு பக்க நீர்மட்டத்தின் வித்தியாசம் பத்து மில்லிமீட்டர் என்றால், ஏறக்குறைய ஒரு மில்லிபார். யூ குழாயின் இரு கைகளும் உயரமாக இருக்கட்டும். பலமான உறிஞ்சல் இருந்தால் நீர் இன்ஜினுக்குள் போய்விடும். துடிப்பால் மட்டம் ஆடினால் குழாயை ஓரிடத்தில் லேசாக நெரித்துவிட்டால் அடங்கும். ஐடிலில் மட்டம் கொஞ்சம் உறிஞ்சல் பக்கம் இருக்க வேண்டும். பிறகு நீளக் குழாய் ஒன்றால் அதே இணைப்பைக் காருக்குள் கொண்டுவந்து, ஒருவர் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் முழு பூஸ்டில் பார்க்க வேண்டும். அந்த நேரத்துக்கு நீர்க்குழாயைவிட ஒரு சிறு அழுத்தமானி வசதி. ஆனால் இவை எல்லாம் இன்னமும் மட்டத்தை மட்டுமே அளக்கின்றன. வரத்தைத் தனியாக அறிய வடிகாலைப் பிரித்துவிட வேண்டும். பிரீதர் குழாய்கள் இரண்டையும் கழற்றி, இன்டேக் பக்கத்து முனைகளையும் கிராங்க்கேஸ் பக்கத்து முனைகளையும் அடைத்து, ஆயில் ஊற்றும் வாயிலிருந்து ஒரு தடித்த குழாயை மட்டும் வெளியே விடுங்கள். திறந்த வெளியில், நெருப்பு எதுவும் அருகில் இல்லாமல், அதன் நுனியில் முப்பது லிட்டர் குப்பைப் பை ஒன்றைக் காற்றில்லாமல் சப்பையாக்கிக் கட்டிவிட்டு, அது நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணலாம். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு முப்பது லிட்டர்; ஐடிலில் அது மிக அதிகம். நல்ல இன்ஜினில் அந்தப் பை மெதுவாக, நிமிடக்கணக்கில் எழும். நீர்க்குழாய் அதிக அழுத்தம் காட்டி, பை மெதுவாக நிரம்புகிறது என்றால் வழக்கு முடிந்தது: வரத்து சாதாரணம், வடிகால்தான் அடைந்திருக்கிறது. இந்த இரண்டு அளவுகளையும் சேர்த்துப் பார்க்காமல் சொல்லும் எந்தத் தீர்ப்பையும் நான் தீர்ப்பாகக் கொள்வதில்லை.

பை சீக்கிரம் நிரம்பினால் அதன் பிறகு ரிங்கைச் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. அப்போதும் கம்ப்ரஷன் அளவை மட்டும் நம்புவது சரியில்லை. கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது, ஆகவே ரிங் நன்றாக இருக்கிறது என்பது பரவலான வாதம். ஆனால் அந்தச் சோதனை ஸ்டார்ட்டர் சுற்றும் மெதுவான வேகத்தில், சுமார் பத்துப் பதினைந்து பார் அழுத்தத்தில் நடப்பது. சிலிண்டர் சுவரில் ஆயில் கூடுதலாக ஒட்டியிருந்தால் அந்த ஆயிலே அடைப்பானாகி அளவை உயர்த்திக் காட்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, ஏழு பார் காற்றை உள்ளே விட்டு, எவ்வளவு கசிகிறது, எங்கே கசிகிறது என்று கேட்பது இதைவிட மேலான முறை. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, திராட்டில் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட், ஆயில் வாயில் சீறினால் ரிங். நல்ல இன்ஜினிலும் ஆயில் வாயில் மெல்லிய சீறல் கேட்கும். ஐந்தில் நான்கு ஒன்றுபோல இருந்து ஒன்று மட்டும் இருபது சதவீதத்தைத் தாண்டினால், தேய்மானம் என்பதைவிட அந்த ஒரு பிஸ்டனில் ரிங் பதியும் விளிம்பு உடைந்திருக்கலாம் என்றே முதலில் நினைக்க வேண்டும். டர்போ பெட்ரோலில் நாக்கிங் செய்யும் வேலை அது. டீசல் காராக இருந்தால் இன்னும் ஒரு வாசலைப் பார்த்துவிட வேண்டும். பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் தான் உறிஞ்சும் காற்றை இன்ஜினுக்குள்ளேதான் விடுகிறது. பிரேக் பூஸ்டரின் சவ்வு கிழிந்திருந்தால் வெளிக்காற்று நில்லாமல் அந்த வழியே கிராங்க்கேஸுக்கு வந்துகொண்டே இருக்கும். காரை நிறுத்தி வைத்து, இன்ஜின் ஓடும்போதே வேக்குவம் குழாயை ஒரு நிமிடம் நெரித்துப் பிடித்தால் தெரிந்துவிடும். பிரேக்கில் உள்ள கிழிசலுக்காக இன்ஜினைப் பிரிப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

இத்தனை அளவெடுப்பும் வீண், பிரீதர் பொருட்களை மொத்தமாக மாற்றிவிட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஓரளவு நியாயம் உண்டு. வோல்வோவில் அந்தப் பெட்டியை எட்டவே இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும், அரைநாள் வேலை. அத்தனையும் பிரித்தபின் பழைய பிளாஸ்டிக்கையே திரும்ப மாட்டுவது மடமை. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரில் அளவு என்ன சொன்னாலும் மாற்றிவிடலாம் என்பதே என் கருத்தும். ஆனால் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளக்காவிட்டால், செய்த வேலை பலித்ததா என்று தெரியப்போவதில்லை. இன்னொரு கூட்டம், குழாயைக் கழற்றி ஒரு சிறு வடிகட்டியை மாட்டிக் காற்றில் திறந்துவிடச் சொல்லும். அதைச் செய்ததும் கையுறை ஊதாது, டிப்ஸ்டிக் எழும்பாது, உண்மைதான். ஆனால் உறிஞ்சல் இல்லாமல் போகிறது. ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிக் கசடாகின்றன. சட்டம் அறுபது ஆண்டுகளுக்கு முன் நிறுத்திய அதே நச்சுவாயு மறுபடி தெருவுக்கு வருகிறது. வண்டிக்குள் இருக்கும் குழந்தைகளும் அதைச் சுவாசிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ரிங் உண்மையில் தேய்ந்திருந்தால் அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளத்தையும் இது அழித்துவிடுகிறது.

பிற்கால டர்போ இன்ஜின்களில் இந்தப் பாடம் தலைகீழாகவும் வாசிக்கப்பட வேண்டும். நம் ஊரில் லாரா, சூப்பர்ப், ஆக்டேவியா என்று ஸ்கோடா பெயரில் ஓடும் 1.8 டிஎஸ்ஐ கார்களின் இஏ888 இன்ஜினில் உறிஞ்சலை அளவோடு வைக்க ஒரு ரப்பர் சவ்வு உண்டு. அது கிழிந்தால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறுவதற்குப் பதிலாக உறிஞ்சல் மிதமிஞ்சிப் போகிறது. சீல்களின் உதடுகள் வழியே காற்று விசிலடித்துக்கொண்டு உள்ளே வரும், ஐடில் தடுமாறும், ஆயில் மூடியைத் திறக்கவே கை வலிக்கும், திறந்ததும் இன்ஜினின் ஓசை மாறும். பின்பக்க கிராங்க் சீல் அதிலும் கெடுகிறது. ஆக, சீல் கசிவு என்ற ஒரே அடையாளம் இரண்டு எதிரெதிர் கோளாறுகளிலிருந்து வரக்கூடும். கசிவைப் பார்த்து அழுத்தம் ஏறிவிட்டது என்று சொல்வதே ஊகம் எனும்போது, அந்த ஊகத்தின் மேல் ரிங் என்ற இன்னொரு ஊகத்தை அடுக்குவது எந்த அளவுக்குத் தாங்கும்?

பின்பக்க கிராங்க் சீலை மாற்ற கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். பெரும் செலவு அதில்தான். பழைய சீலை எடுத்துப் புதியதைப் பொருத்தி, அழுத்தத்தை அப்படியே விட்டுவிட்டால் புதியதும் சில மாதங்களில் ஈரமாகும். அதற்கும் தரக்குறைவான சீல் என்று பெயர் வரும். எனவே வரிசை மாறக்கூடாது. முதலில் வழியைத் திறந்து, ஐடிலிலும் முழு பூஸ்டிலும் அளந்து, உறிஞ்சல் திரும்பிவிட்டது என்று உறுதி செய்த பிறகு, பிளாக்கின் பின்புறத்தைக் கழுவித் துடைத்து, ஆயிரம் கிலோமீட்டர் ஓடவிட வேண்டும். உதடு தேயாத சீல் பல நேரங்களில் அழுத்தம் நீங்கியதும் தானாகவே காய்ந்து நின்றுவிடும். அந்த ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகும் சொட்டு விழுந்தால் கியர்பாக்ஸை இறக்கலாம்.